மேலே கருகுகிறது, அடியில் வேகவில்லை: ஓவனை என்ன செய்வது?

கேள்வி: ஓடிஜி ஓவன் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் கேக்கின் மேற்புறம் கருகிவிடுகிறது, அடியில் மாவாகவே நிற்கிறது. வந்த மெக்கானிக், திறந்துகூடப் பார்க்காமல், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்கிறார். புது ஓவனே 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதைச் செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு அடியில் இருக்கிற ராடு (சூடு தருகிற கம்பி) மீதுதான் சந்தேகம். தெர்மோஸ்டாட் கெட்டு சூடு ஏறினால் அடியும் சேர்ந்துதானே கருகும்?

ஓவனைக் காலியாக வைத்து, இரண்டு ராடும் எரிகிற மாதிரி நாபைத் திருப்பி, 200 டிகிரியில் போடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் மேலே செக்கச்சிவந்து, கீழே இருட்டாகவே இருந்தால் ராடு அறுந்திருக்கலாம், அல்லது நாபுக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சிலோ ஒயரிலோ கோளாறு. மின் இணைப்பைச் சோதிக்கிற மல்டிமீட்டர் வைத்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். அதை வைத்துப் பார்க்காதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டும் சிவக்கிறதா? அப்படியானால் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கலாம். ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சர்க்கரை போதும். அது சுமார் 186 டிகிரியில் உருகும். ஓவனை நன்றாகச் சூடாக்கி, அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நடுத் தட்டில் 15 நிமிடம் வையுங்கள். 175-இல் வைத்தே உருகினால் சூடு அதிகம். 190-இல் வைத்தும் உருகாவிட்டால் குறைவு. வித்தியாசம் எப்போதும் ஒரே அளவு, பத்து இருபது டிகிரிதான் என்றால் ரிப்பேரே தேவையில்லை, நாபை அதற்கேற்பத் தள்ளி வைத்தால் சரி. ஆனால் ராடு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சரி செய்யும்வரை தொடாதீர்கள்.

ராடோ சுவிட்சோ மட்டும்தான் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். அதற்காக நல்ல ஓவனைத் தூக்கிப்போடுவது அநியாயம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்துச் செய்த ரிப்பேரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைதான். பழுது தீராமல் இழுத்தடித்தால், அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.