மரை போன போல்ட்

அன்புள்ள ஐயா,

நான் ஈரோடு பக்கம் கார் பட்டறை நடத்துகிறேன். அப்பா 1989-ல் ஆரம்பித்தது. அப்போது அம்பாசிடரும் பியட்டும்தான் வரும். இப்போது எல்லா கம்பெனி வண்டியும் வருகிறது. ஹெட் மெக்கானிக் அப்பா காலத்து ஆள், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரைத் தவிர இரண்டு மெக்கானிக், மூன்று ஹெல்பர் பையன்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாயங்காலம் தருகிறேன் என்று சொன்ன வண்டி இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே போகிறது. போன வண்டியும் அதே கம்ப்ளைன்ட்டோடு திரும்பி வருகிறது. பையன்கள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. கேமரா வைத்தேன், லேட்டாக வந்தால் 50 ரூபாய் பிடித்தேன், எதுவும் சரியாகவில்லை. மாதச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, முடிக்கிற வேலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் பஸ் கம்பெனி பட்டறையில் ஸ்டோர்ஸில் இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

செ.

அன்புள்ள செ.,

கமிஷன் போடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அடுத்த சம்பளத் தேதிக்குள் முடிவெடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் பல ஊர்களில் கார் சர்வீஸ் சென்டர்களும் வைத்திருந்தார்கள். அங்கே ஆட்களுக்குக் கமிஷன் உண்டு, இத்தனை வேலை பிடிக்க வேண்டும் என்ற இலக்கும் உண்டு. 1992-ல் கலிஃபோர்னியா அரசின் வாகனப் பழுது கண்காணிப்புத் துறை, தன் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல வண்டியோடு அனுப்பிப் பார்த்தது. தேவையில்லாத வேலைகளையெல்லாம் தலையில் கட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டியது. கடைசியில் கம்பெனி அந்தக் கமிஷனை நிறுத்த வேண்டி வந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வாடகையைக் கமிஷனில் கட்ட வேண்டும் என்றால், நல்ல பிரேக் பேடும் தேய்ந்த மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் இடத்தில் இன்னொன்றும் நடக்கும். ஆயில் சர்வீஸுக்கும் பிரேக் வேலைக்கும் போட்டி வரும். எங்கோ ஒரு சத்தம், எப்போதாவது விட்டு விட்டு வரும் எலக்ட்ரிக்கல் கம்ப்ளைன்ட் என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். மாமா பையன்களுக்குச் சொல்லித்தருவதை நிறுத்திவிடுவார். பக்கத்தில் நிற்க வைத்து டைமிங் பெல்ட் மாட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு மணி நேரம் அவருக்கு நஷ்டக் கணக்கு ஆகிவிடும்.

சரி, வண்டி ஏன் தாமதமாகிறது? பதினோரு வருஷம் நான் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கை மெதுவாக ஓடுவதால் வேலை நின்றதை அங்கே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். காத்துக்கொண்டிருந்ததால் நின்றதைத் தினமும் பார்த்தேன். கியர்பாக்ஸை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கிளட்ச் பிளேட்டுக்காக ஜன்னலில் கை ஊன்றி நிற்பார்கள். உங்கள் பட்டறையிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வண்டியைப் பிரித்த பிறகுதான் பாகம் இல்லை என்று தெரிகிறது. ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறான். அவன் கொண்டுவந்தது வேறு வருஷத்து மாடலுக்கானது. மறுபடி போகிறான். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம். பிரித்துப் போட்ட வண்டியை நகர்த்த முடியாததால் பின்னால் இரண்டு வண்டி வெயிலில் நிற்கின்றன.

சாயங்காலம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது யார்? நீங்கள்தான். கேட்டில் நின்று, மாமா பானட்டைத் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டீர்கள். வண்டி வந்ததும் அவர் அரை மணி நேரம் பார்க்கட்டும். என்னென்ன பாகம் வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதட்டும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பாகத்தைக் கேளுங்கள். ஓட்டக்கூடிய வண்டி என்றால், பாகம் கைக்கு வரும்வரை பிரிக்கவே வேண்டாம், வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டிருக்கட்டும். அப்புறம், ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் ஒவ்வொரு வண்டியும் எதற்காக நின்றது என்று மட்டும் எழுதிவையுங்கள். யாரால் நின்றது என்று எழுதாதீர்கள். 'யாரால்' என்று ஒரு கட்டம் நோட்டில் இருந்தால் மீதி எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்.

"பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர் எங்கடா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சத்தம் கேட்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் உங்கள் பட்டறை எப்படி இருக்கும்! ஒவ்வொரு ஸ்பேனரும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அளவு வாரியாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருக்கும். எப்போதும் காணாமல் போகிற பத்து எம்.எம். சாக்கெட்டும் இருக்கும். அப்படி வைக்கத் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து, சாயங்காலம் பத்து நிமிஷம் அதற்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிஷமும் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சீக்கிரம் சரிசெய்துவிடக்கூடியவை. திரும்பி வரும் வண்டிதான் என்னை யோசிக்க வைக்கிறது. சில வருஷங்களுக்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் காரை ஒரு பட்டறையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தது. உடனே ஓரம்கட்டி நிறுத்தினேன். குனிந்து பார்த்தால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து அதே பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் அதில் வெள்ளையாக டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது, நாலைந்து சுற்று. பையன் அதிகமாக முறுக்கியிருக்கிறான், மரை போய்விட்டது. அவனுக்கும் அது தெரியும். டேப்பைச் சுற்றி மாட்டிவிட்டு, அடியில் துணியால் சுத்தமாகத் துடைத்தும் விட்டிருக்கிறான். ஓனர் என் கண் முன்னாலேயே அவனை அறைந்தார். பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். கன்னத்தைப் பிடிக்கக்கூட இல்லை, கையில் இருந்த வேஸ்ட் துணியை முறுக்கிக்கொண்டே நின்றான். "ஏண்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "சொன்னா அடிப்பீங்கன்னுதான்ணே" என்றான்.

அந்த மரையைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். புது மரை வெட்டி ஓவர்சைஸ் போல்ட் போட்டால் முடிந்தது. அன்றே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. நான் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும். அந்த அறையைப் பார்த்துக்கொண்டு சுற்றி நின்ற மற்ற பையன்கள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இனி போல்ட்டை ஒழுங்காக முறுக்க வேண்டும் என்று கற்றிருக்க மாட்டார்கள். டேப் வெளியே தெரியாமல் சுற்ற வேண்டும் என்றுதான் கற்றிருப்பார்கள்.

நீங்கள் யாரையும் அடிப்பவர் இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் கேமராவும் 50 ரூபாய் அபராதமும் அவர்களிடம் அதையேதான் சொல்கின்றன.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் அதிகம், சண்டை, தரக்குறைவு என்று கெட்ட பேர் எடுத்து 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பழைய ஆட்கள்தான், சங்கமும் அதே சங்கம். அவர்களில் பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைன் ஓரமாக ஒரு கயிறு தொங்கும். வேலையில் பிசகு என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். பழைய நாட்களில் என்ன ஆனாலும் லைனை நிறுத்தக் கூடாது, பிசகோடு வண்டி போகும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த இடம் அது. கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் அமெரிக்காவில் பேசப்பட்டது.

ஜப்பான்காரனுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். நம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை 1998-ல் வாங்கியது. அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது அவர்கள்தான்.

ஆறு பேர் இருக்கும் பட்டறைக்குக் கயிறு தேவையில்லை. "அண்ணே, ஒரு தப்பு ஆயிடுச்சு" என்று ஒருவன் வந்து நின்றால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "வா, பார்க்கலாம்" என்று இருக்க வேண்டும். கோபம் வரும். வந்தாலும் அந்த வார்த்தைதான். அதற்கு முன்னால் நீங்கள் ஆரம்பியுங்கள். காலையில் டீ குடிக்கும்போது, "நேத்து அந்த வண்டிக்குத் தப்பான டெலிவரி டைம் சொன்னது நான்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மாமாவுக்கு இது சங்கடமாக இருக்கும். திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன் என்பார், அது உண்மையும்கூட. அவரிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். அவரை மீறி நீங்கள் பையன்களிடம் நேரடியாக எதையும் மாற்றினால் பட்டறை இரண்டாகிவிடும்.

வண்டி வெளியே போகும் முன், வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் வீல் நட், ட்ரெயின் போல்ட், பிரேக் ஆயில் மூன்றையும் தொட்டுப் பார்த்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரட்டும். அபராதத்தை எடுத்துவிடுங்கள், இதுவரை பிடித்ததையும் திருப்பிக் கொடுங்கள். கேமரா ராத்திரிக்கு இருக்கட்டும்.

பையன்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு என்னிடம் ஊகம்தான் இருக்கிறது. ஒரு வருஷமாகத் துடைக்கிற வேலையும் டீ வாங்குகிற வேலையும் மட்டும் என்றால் நானும் போயிருப்பேன். ஆனால் கடைசியாகப் போன பையனின் நம்பர் உங்களிடம் இருக்குமே. இந்த வாரம் கூப்பிடுங்கள். திரும்ப வா என்று சொல்லாதீர்கள், ஏன் போனாய் என்று மட்டும் கேளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். அவன் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.