மன்றம் கூடும் நாள்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் தமிழ் மன்றத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். பட்டியலில் முந்நூறு உறுப்பினர்கள் உண்டு. கூட்டம் என்று அறிவித்தால் முப்பது பேர்கூட வருவதில்லை. வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு தரும் ஓ.டி.யும் சான்றிதழும் உண்டு என்றால் மட்டும் அரங்கம் நிறைகிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் மேடை ஏறவே பயப்படுகிறார்கள். ஆண்டு விழாவுக்குக் கூட்டம் சேர எந்தப் பேச்சாளரை அல்லது திரைக்கலைஞரை அழைக்கலாம்? மன்றத்துக்குப் புதுப் பெயரும் இலச்சினையும் வைத்து இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினால் பயன் இருக்குமா? இந்தப் பொறுப்பு வேலைவாய்ப்பு நேர்காணலில் உதவும் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா? தாங்களே விழாவுக்கு வந்தால் பெருமகிழ்ச்சி அடைவோம்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு கல்லூரியின் மன்ற விழாவுக்குப் போயிருந்தேன். பரிசு பெற்ற கவிதையை அதை எழுதிய மாணவியே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அரங்கத்தின் பின்வாசலில் சான்றிதழ் கொடுக்கும் மேசையைப் போட்ட மறுகணமே வரிசைகள் எழுந்து அந்தப் பக்கம் நகரத் தொடங்கின. தாளைப் புரட்டும்போது அந்தப் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதிப் பக்கத்தை வேகவேகமாக வாசித்து முடித்துவிட்டு இறங்கிவிட்டார். இத்தனை பிள்ளைகளுக்கு இப்படி நடந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பெயர், இலச்சினை, இன்ஸ்டாகிராம் ஆகியவற்றை உங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள். அவற்றால் எதுவும் கெடாது, எதுவும் வளராது. நேர்காணல் பற்றி எனக்குத் தெரியாது. திரைக்கலைஞரை அழைத்தால் கூட்டம் சேரும். அது அவரைப் பார்க்க வந்த கூட்டம், மறுநாள் உங்கள் மன்றத்தில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: ஓ.டி.யும் சான்றிதழும் உண்டு என்றால் மட்டும் அரங்கம் நிறைகிறது. இதை ஏதோ மழை பெய்கிறது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் மையமே இதுதான் என்பது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? வகுப்பிலிருந்து விடுதலையும் கோப்பில் சேர்க்க ஒரு தாளும் கூலியாகக் கொடுத்து ஆள் கூட்டுகிற இடத்துக்கு, உண்மையிலேயே வர விரும்பும் பத்துப் பேர் எப்படி வருவார்கள்? வந்தாலும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொள்வார்கள்? முந்நூறு பேர் நடுவே அந்தப் பத்துப் பேர் தொலைந்துபோகிறார்கள்.

நான் படித்த சிறுநகரத்துக் கல்லூரியில் மன்றம் என்பது வியாழக்கிழமை மாலை, வகுப்புகள் முடிந்தபின், ஒரு காலி வகுப்பறை. ஒருவர் எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், செயலாளர் ஒரு நீளமான பேரேட்டில் அன்று யார் எதை வாசித்தார், எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று எழுதிவைப்பார். இயற்பியல் படித்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் ஒருநாள் தறியைப் பற்றி எழுதிவந்தான். கையோடு, தறியின் மேலிருந்து பூவேலையை நடத்தும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டும் துளையிட்ட அட்டைகளில் சிலவற்றையும் கொண்டுவந்திருந்தான். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே புகும், நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு இழை மேலே தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே நிற்கும். குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை. இப்படித்தான் முந்தானையில் மயில் விழுகிறது என்று அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அன்று பேரேட்டில் ஏறிய கேள்வி, இதை முதலில் யோசித்தது யார் என்பது. அடுத்த வாரம் கணிதத் துறை மாணவர் ஒருவர் நூலகத்தில் தேடி விடையோடு வந்தார்: 1804இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த பொறி, அந்த அட்டையைத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், கணிப்பொறிக்கு முன்னோடியான தமது கணக்கிடும் எந்திரத்தின் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். தன் தகப்பனார் காலடியில் கிடந்த அட்டைக்கும் கணிப்பொறிக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று கேட்டபோது அந்தப் பையன் முகம் எப்படி ஆனது என்பதை நான் மறக்கவே இல்லை. அந்த வகுப்பறையில் யாருக்கும் யாரும் எந்தச் சான்றிதழும் கொடுக்கவில்லை.

இது ஒரு சிற்றூர்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய ‘மனமே’ நவீன சிங்கள நாடகத்தின் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. அதில் ஆடிப் பாடியவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், பல்கலைக்கழக நாடகக் குழுவின் மாணவர்கள். மரபான நாடகம் தெரிந்த ஒரு கிராமத்துக் குருவை அழைத்துவந்து அவரிடம் பயின்றார்கள். அதைக் கண்முன் கண்ட பேராசிரியர் வித்தியானந்தன், தமிழ்க் கூத்தையும் அப்படி மீட்கவேண்டும் என்று முனைந்து, கூத்து பழக்கும் ஆசான்களான மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு பேராதனை மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ என்ற, வடமோடி வகைக் கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், ஆடுகிற கூத்து அது. அதை மேடைக்கு ஏற்றபடி சுருக்குவதற்கு எந்தத் தாளம் நிற்கவேண்டும், எந்தப் பாட்டு போகவேண்டும், எந்த ஆட்டத்தில் கை வைக்கவே கூடாது என்று முடிவு செய்தாக வேண்டும். நாள்தோறும் ஒன்றாக நின்று ஆடிப் பார்க்காமல் அது தெரியாது. அந்தக் கூத்துகளில் மாணவராக ஆடிய மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அடுத்த தலைமுறைக்கு அதே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். மேடையேற்றம் ஓர் இரவு. ஒத்திகை எத்தனை மாலைகள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மன்றத்தில் இன்று மேடையேற்றம் மட்டும் இருக்கிறது, ஒத்திகை இல்லை.

நம் நாட்டில் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் கதை இன்னும் வருத்தமானது. சுதந்திரத்துக்குப் பிறகு, மாணவர் தொண்டைக் கட்டாயமாக்க வேண்டுமா, விருப்பத்துக்கு விட வேண்டுமா என்று நீண்ட விவாதம் நடந்தது. அரசு அமைத்த தேஷ்முக் குழு கட்டாயம் வேண்டும் என்றது. பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்த கல்வியாளர் சயிதைன், விருப்பத்தின் பேரில்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் விருப்பத் தொண்டாகவே அது தொடங்கப்பட்டது. இன்று உங்களைப் போன்ற பொறியியல் மாணவர்கள் பலர் என்.சி.சி. (தேசிய மாணவர் படை), என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ. (விளையாட்டு அமைப்பு), ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) ஆகியவற்றுள் ஒன்றில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் என்ற கணக்கு மட்டும் பதிவேட்டில் நிறைந்து, முகாமிட்ட ஊரின் பெயர்கூட நினைவில்லாத பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தொண்டு செய்வதா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுக்கும் வாய்ப்பை நாம் பறித்துக்கொண்டோம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கேம்பிரிட்ஜில் 1820இல் மாணவர்கள் தொடங்கிய ‘அப்போஸ்தலர்’ என்ற சிறு சங்கத்தில், சனிக்கிழமை இரவுகளில் ஒருவர் குளிர்காயும் கணப்பின் முன் நின்று கட்டுரை வாசிப்பார். ரொட்டியும் மத்தி மீனும் தின்றபடி மற்றவர்கள் விவாதிப்பார்கள். அங்கே உறுப்பினராக இருந்த டென்னிசன் பேய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, அதை வாசிக்கத் துணியாமல் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார். பின்னாளில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனவர் அவர். பத்து நண்பர்கள் முன்னேயே நா எழாத வயது ஒன்று உண்டு. அந்த வயதுப் பிள்ளையை ஒலிவாங்கி முன்னே, ஐந்நூறு பேருக்கு நடுவே நிறுத்திவிட்டு, பயப்படுகிறான் என்று குறை சொல்கிறீர்களே! அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசிக்கட்டும். ஒரு வாரம் வாய் திறக்காமல் கேட்டுவிட்டுப் போகட்டும். (அந்தச் சங்கம் நீண்ட காலம் பெண்களைச் சேர்க்கவில்லை, கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அதை மட்டும் பின்பற்றாதீர்கள். உங்கள் அறைக் கதவு திறந்தே இருக்கவேண்டும், விடுதிக்குத் திரும்பும் நேரக் கட்டுப்பாடு உள்ள மாணவியரும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் முடியவேண்டும்.)

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். தேர்வு வாரம் தவிர எதற்காகவும் அதை மாற்றாதீர்கள். ஓ.டி. கேட்காதீர்கள், துறைத்தலைவர் தானே முன்வந்து தருகிறேன் என்றாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முதல் மாதம் நான்கு பேர் வருவார்கள். உங்கள் சீனியர்கள் சிரிப்பார்கள், ஆசிரியர் ஆண்டறிக்கையில் என்ன எழுதுவது என்று கவலைப்படுவார். அந்த மாதத்தைத் தாங்குகிற உறுதி உங்களிடம் இருக்கிறது என்றுதான் உங்கள் கடிதத்தின் நேர்மையைப் பார்த்து நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகத் திட்டியிருக்கமாட்டேன். கூடவே ஒரு பேரேடு வாங்கி, விடை கிடைக்காத கேள்விகளைத் தவறாமல் அதில் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒருவராவது விடை தேடிக்கொண்டு வருவார்.

ஆண்டு விழாவுக்கு நான் வரவில்லை. எனக்கான பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் வண்டிக்கும் ஒதுக்கும் பணத்துக்கு, மன்ற உறுப்பினர்கள் கேட்கிற புத்தகங்களை வாங்கிக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். வாரக் கூட்டம் தொடங்கி ஒரு பருவம் நடந்தபின், எந்த நாள், எந்த அறை என்று மட்டும் எழுதுங்கள். பேருந்தில் வந்துவிடுகிறேன், அன்று வாசிக்க வேண்டியவர் உங்கள் மாணவர்களில் ஒருவராகவே இருக்கட்டும், எனக்காக அவரைத் தள்ளிவைக்க வேண்டாம்.