சின்னத்தம்பி என்பது பெயரா, உறவுமுறையா?

"அப்பப்பாவின் பெயர் சின்னத்தம்பி. ஆனால் அவர்தான் வீட்டில் மூத்தவர். இப்படி எப்படிப் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கும்போது அது வெறும் செல்லச் சொல். பெயராகப் பதிந்த பிறகு பொருள் பின்னுக்குப் போய்விடும், ஆளைச் சுட்டுவது மட்டும் நிற்கும். அதனால்தான் வன்னியில் "சின்னத்தம்பி அண்ணை வயலுக்குப் போட்டார்" என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. தம்பியும் அண்ணையும் ஒரே ஆள்! எண்பது வயதிலும் செல்லம்மா செல்லம்மாதான். அப்பாத்துரை, தம்பிமுத்து எல்லாம் இதே வழிதான்.

கதிர் கொஞ்சம் வேறு. காலபோக வயலில் அது நெற்கதிர், வானத்தில் ஒளிக்கதிர். கதிரவேலு என்ற பெயரில் இருப்பது ஒளி, முருகனின் ஒளிவீசும் வேல். ஆனாலும் கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் 'கதிர்' என்று கூப்பிட்டால் நெல்லும் நினைவுக்கு வராமல் போகுமா?

ஊர்ப்பெயர்களில் சொற்களின் பொருள் இன்னும் வெளிச்சமாகத் தெரியும்: கிளிநொச்சியில் கிளியும் நொச்சியும், முல்லைத்தீவில் முல்லை.

இப்போதைய டிலக்சன், நிரோசன் வகைப் பெயர்களில் பொருளைத் தேடி மினக்கெட வேண்டாம். பெரும்பாலும் எண்சாத்திரமும் ஓசையும் பார்த்து வைத்தவை.