தனியா நல்லா சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு குரூப் ரைடிங் ட்ரெயினிங் எதுக்கு?

எட்டு வருஷமா ஓட்டுறேன், தனியா 100 கிமீ போயிட்டு வருவேன், இப்ப கிளப்ல ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க குரூப் ரைடிங் ட்ரெயினிங்னு கூப்பிடுறாங்க, அதுல எனக்குப் புதுசா கத்துக்க என்ன இருக்கப்போகுதுன்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா போங்க. நானும் இதே மாதிரி நினைச்சு ஒரு தடவை போகாம விட்டவன், அடுத்த மூணாவது மாசமே சென்னை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) விழுந்து காலர் எலும்பு உடைஞ்சு ஆறு வாரம் கையை கட்டிக்கிட்டு வீட்டுல இருந்தேன்.

எப்படி விழுந்தேன்னா, முன்னாடி போன நண்பரோட பின் வீலுக்கு இடது பக்கமா என் முன் வீல் ஒரு ஜான் அளவு உள்ள போயிருந்தது, எனக்கே அது தெரியல. அவர் ரோட்டுல இருந்த ரிஃப்ளெக்டர் கட்டைக்காக லேசா இடது பக்கம் ஒதுங்கினார், அவ்வளவுதான், வீலும் வீலும் உரசுச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. இதுல பெரும்பாலும் பின்னாடி வர்றவங்கதான் விழுவாங்க, ஏன்னா சைக்கிள்ல நாம பேலன்ஸ் பண்றதே ஹேண்டிலை கொஞ்சம் கொஞ்சம் திருப்பித்தான், முன் வீலை பக்கவாட்டுல ஏதாவது தடுத்துடுச்சுன்னா திருப்ப முடியாது. எட்டு வருஷம் இல்ல, இருபது வருஷம் தனியா ஓட்டியிருந்தாலும் இந்த ஒரு விஷயம் நமக்குப் பழகியிருக்காது, தனியா போகும்போது பக்கத்துல வீலே கிடையாதே.

கை சரியானப்புறம் அடுத்த ட்ரெயினிங்குக்கு முதல் ஆளா பேர் கொடுத்தேன். கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலேஜ் கிரவுண்ட்ல பர்மிஷன் வாங்கியிருந்தாங்க, காலைல 5:30க்கு 18 பேர் வந்தோம். முதல் ஒரு மணி நேரம் யாரும் வேகமா ஓட்டவே இல்ல. வெள்ளைக் கோட்டு மேலயே போகணும், அப்படியே தலையைத் திருப்பி பின்னாடி கோச் எத்தனை விரல் காட்டுறார்னு சொல்லணும், கோட்டை விட்டு விலகக்கூடாது. செஞ்சு பாருங்க, வலது பக்கம் திரும்பிப் பாத்தா ஹேண்டிலும் வலது பக்கமே போகும். எனக்கு முழுசா வர்றதுக்கு பத்து பன்னெண்டு ரவுண்டு ஆச்சு. அப்புறம் புல்லு மேல நடக்குற வேகத்துல ரெண்டு ரெண்டு பேரா தோளோட தோள் இடிச்சுக்கிட்டு ஓட்டுறது, வேணும்னே முன் வீலை அடுத்தவங்க பின் வீல்ல உரசிப் பாக்குறது. உரசினவுடனே உடம்பு பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும், திருப்பினா விழுவோம், கொஞ்சம் அந்த வீல் பக்கமே சாய்ஞ்சு கொடுத்து வெளிய வரணும். புல்லுல நாலு தடவை விழுந்துட்டு அஞ்சாவது தடவை விழாம வந்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அன்னிக்கு ஈசிஆர்ல இது தெரிஞ்சிருந்தா அந்த ஆறு வாரம் இல்லியேன்னு.

இட்லி சாப்பிட்டுட்டு ஆறு ஆறு பேரா மூணு குரூப்பா பிரிஞ்சு கோவளம் வழியா ஈசிஆர் ஏறி மாமல்லபுரம் வரைக்கும் போனோம். வேகம் மணிக்கு 25 கிமீ. இந்த வேகத்துலயே நம்ம பலத்துல பாதிக்கு மேல காத்தைத் தள்ளுறதுக்குத்தான் போகுது, வேகம் ரெண்டு மடங்கானா காத்துக்கு மட்டும் எட்டு மடங்கு பவர் வேணும், அதனாலதான் ஒருத்தர் பின்னாடி ஒளிஞ்சு போறதுக்கு இவ்வளவு மரியாதை. ஆனா 25ல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர் போறோம், முன்னாடி இருக்குற வீல் ஒரு மீட்டர் தூரத்துல இருக்கு, அவர் சட்டுனு பிரேக் பிடிச்சா யோசிக்கக்கூட நேரம் கிடையாது. அதனால முன்னாடி வீலையே முறைச்சுப் பாக்காதீங்க, முன்னாடி இருக்குறவரோட தோளுக்கு மேல தூரமா பாருங்கன்னு கோச் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே வந்தார். கிட்ட வந்துட்டா பிரேக் வேண்டாம், பெடல் மிதிக்கிறதை ரெண்டு சுத்து நிறுத்தினா போதும், இல்லேன்னா நெஞ்சைக் கொஞ்சம் நிமித்தி காத்துல காட்டினாலே வேகம் குறையும்.

சிக்னல் விஷயத்துல எங்க குரூப் எடுத்த முடிவு எனக்கு ரொம்ப பிடிச்சது. இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம்னுட்டு குழி, மண்ணு, வண்டி, நிறுத்து, இந்த நாலே வார்த்தை, முன்னாடி இருக்குறவர் கத்தினா கடைசி ஆள் வரைக்கும் ஒவ்வொருத்தரா திருப்பிச் சொல்லணும். குழிக்குப் பக்கத்துல வந்தப்புறம் கையை விட்டு காட்டுறது ஆபத்து, அப்ப வாய் மட்டும் போதும். நம்ம ஊர்ல ராங் சைடுல பைக் வர்றது சாதாரணம், முதலைப் பண்ணை தாண்டி ஒரு பைக் நேரா எதிர்ல வந்தப்ப "வண்டி"ங்கிற சத்தம் ஆறாவது ஆளா இருந்த எனக்கு பைக் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு.

ஒவ்வொருத்தரா முறை வச்சு முன்னாடி போய் காத்தை வாங்கணும், அப்புறம் ஒதுங்கி பின்னாடி வரணும். அன்னிக்கு எங்கள்ல அப்படி நல்லா லீட் பண்ணினது பேங்க்ல வேலை பாக்குற 52 வயசு அக்கா ஒருத்தர். காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் நல்ல பலசாலி, அவன் முறை வந்ததும் 25லேர்ந்து 31க்கு ஏத்திட்டான், நடுவுல இருந்தவங்க ஒவ்வொருத்தரா பிஞ்சு போனாங்க. இது எல்லாரும் பண்ற தப்பு, முன்னாடி வந்தவுடனே காத்து மூஞ்சில அடிக்கும், நாமளும் பதிலுக்கு மிதிச்சுடுவோம். அக்கா முறை வந்தப்ப மீட்டர்ல 25, அவங்க ஒதுங்கும்போதும் 25. பின்னாடி வர்ற அஞ்சு பேருக்கும் ஒரு குலுக்கல் இல்ல. அந்தத் தம்பியே அவங்க கிட்ட போய் எப்படிக்கா பண்றீங்கன்னு கேட்டான், மீட்டரைப் பாக்காத தம்பி, பின்னாடி வர்றவங்க மூச்சு சத்தத்தைக் கேளுன்னாங்க.

திரும்பி வரும்போது கடல் காத்து ஆரம்பிச்சுடுச்சு, வடக்கு நோக்கி வர்றோம், காத்து வலது பக்கம். இந்த மாதிரி பக்கவாட்டுக் காத்துல ஒளியுற இடம் நேர் பின்னாடி கிடையாது, முன்னாடி இருக்குறவருக்கு இடது பின்பக்கம். அதனால எல்லாரும் தெரியாமலே இடது பக்கம் நகர்ந்து நகர்ந்து வீல் மேல வீலைக் கொண்டுபோய் வைப்பாங்க. நான் அன்னிக்கு விழுந்ததும் இதே காத்துல, இதே பக்கம், காரணம் எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. கோச் என் பக்கத்துல வந்து "காத்து வாங்கினாலும் பரவாயில்ல, வீலை வெளிய வை"ன்னார். கோவளம் வர்ற வரைக்கும் அப்படியே வந்தேன், கால் வலிச்சுது, ஆனா ஒரு தடவைகூட உள்ள போகல.

உங்க கிளப்ல பேர் கொடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டுக்குங்க. டிராஃபிக் இல்லாத இடத்துல, முடிஞ்சா புல் தரையில, முதல்ல பழக்குறாங்களா, ஒரு குரூப்புக்கு எத்தனை பேர். இருபது பேரை நேரா ரோட்டுல இறக்கி ஓட்டுங்கன்னு சொன்னா அது ட்ரெயினிங் இல்ல, வேற இடம் பாருங்க. முழுக்கை பழைய பனியன் ஒண்ணு போட்டுக்கிட்டுப் போங்க, புல்லுல விழும்போது முழங்கை சிராய்க்காது.