அமெரிக்க அதிபர் வேட்பாளர் யார் என்ற ஒபாமா–ஹிலாரி போட்டியில் பிளவுபட்ட ஜனநாயகக் கட்சி 2008இல் எப்படி ஒன்றுசேர்ந்தது?

முதல் அடியை எடுத்து வைத்தது தோற்றவர்தான். ஜூன் 7 அன்று ஹிலாரி கிளின்டன் போட்டியிலிருந்து விலகி, ஒபாமாவுக்கு ஆதரவு என்று வெளிப்படையாக அறிவித்தார். அதே மாதம் நியூ ஹாம்ப்ஷயரின் யூனிட்டி (‘ஒற்றுமை’) என்ற சிற்றூரில் இருவரும் ஒரே மேடை ஏறினார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் அந்த ஊர் இருவருக்கும் தலா 107 வாக்குகள் அளித்திருந்தது!

ஹிலாரியின் பிரசாரக் கடனை அடைக்க உதவுமாறு ஒபாமா தன் நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டார். மனக்கசப்பை ஆற்றியதில் இதற்குப் பெரிய பங்குண்டு என்பது என் கருத்து. வென்றவர் வெறும் வாய்வார்த்தையோடு நிற்கவில்லை.

ஆகஸ்டில் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் டென்வர் கட்சி மாநாட்டில் ஹிலாரியின் பெயரும் முன்மொழியப்பட்டது. அவருடைய ஆதரவாளர்கள் தலைநிமிர்ந்து வாக்களிக்க முடிந்தது. பிறகு வாக்கெடுப்பை நிறுத்தி, ஒபாமாவைக் குரல் வாக்கால் தேர்ந்தெடுக்கக் கோரியவரும் ஹிலாரியே. வெற்றிக்குப் பின் ஒபாமா அவரை வெளியுறவு அமைச்சராக்கினார்.