கடைசியில் வருபவர்களுக்கும் முகம் உண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் சில வருடங்கள் ஓடியவன்தான். முழங்காலில் சவ்வு கிழிந்ததால் ஓட்டம் நின்றுபோனது. ஆனால் இருட்டில் எழுந்து பழகிய உடம்பு படுக்கையில் கிடக்க மறுக்கிறது. அதனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பந்தயங்களுக்குப் போக ஆரம்பித்தேன். ஓடுபவர்களைப் படமெடுத்து, அன்றிரவே ஆல்பமாக ஏற்றி, லிங்க்கை ஓட்டக் குழுக்களில் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

இப்போது சில குழப்பங்கள். 'இவ்வளவு உழைப்பை ஏன் சும்மா கொடுக்கிறாய், ஒரு விலை வை' என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். சென்ற பந்தயத்தில் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஒருவர், 'உங்களைப் போன்றவர்களால்தான் எங்கள் பிழைப்பு கெடுகிறது' என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிரவு தூக்கமே வரவில்லை. போதாக்குறைக்கு, நான் எடுத்த படம் ஒன்றை ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. இனி எல்லாப் படங்களிலும் குறுக்கே வாட்டர்மார்க் போட்டுவிடலாமா?

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபினிஷ் லைனுக்குச் சற்று முன்னால் நிற்பேன். அரை மாரத்தான் என்றால் இரண்டு மணி நேரக்காரர்கள் வரும்வரை, முழு மாரத்தான் என்றால் நான்கு மணி நேரக்காரர்கள் வரும்வரை எடுப்பேன். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். வருபவர்களும் பெரும்பாலும் நடந்துதான் வருவார்கள், படம் நன்றாக அமையாது, கிளம்பிவிடுவேன். எடுத்த மூவாயிரம் நாலாயிரத்தில் சிறந்த முந்நூறை மட்டும் ஏற்றுவேன். லென்ஸை மாற்றினால் தரம் இன்னும் கூடுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாரக்கணக்கில் கடிதங்களைக் கிடப்பில் போடுகிறவன் இதற்கு உடனே பதில் எழுதுவது அதனால்தான்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். லென்ஸ் மாற்ற வேண்டாம், இருப்பதே போதும். வாட்டர்மார்க்கை ஓடுபவரின் மார்புக்குக் குறுக்கே போடாதீர்கள். கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்வது அது. வேண்டுமானால் ஓரத்தில் சிறியதாகப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். விற்கலாமா என்றால், வேண்டாம். விற்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் விற்கத் தொடங்கிய நாளிலிருந்தே, எந்தப் படம் விலைபோகும் என்று கண் தேட ஆரம்பித்துவிடும். உங்களிடம் எனக்குள்ள சண்டையே இதுதான்: பத்துப் பைசா வாங்காமலேயே அந்தக் கண் உங்களுக்கு வந்துவிட்டது.

'வருபவர்களும் பெரும்பாலும் நடந்துதான் வருவார்கள், படம் நன்றாக அமையாது, கிளம்பிவிடுவேன்.' இதை நீங்கள் ஒரு குழப்பமாகக்கூட எழுதவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

முதலில் வருகிறவர்களை யார்தான் எடுக்கவில்லை? பத்திரிகைக்காரர் எடுக்கிறார், ஏற்பாட்டாளர் வைத்த ஆள் எடுக்கிறார், ஓட்டக் குழுவின் தோழர்கள் ஓடி முடித்து மெடலோடு நின்று எடுக்கிறார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு இவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. ஒப்பந்தத்துக்கு வந்த புகைப்படக்காரர் கூட்டம் மெலிந்ததும் கிளம்புகிறார் என்றால் அவர் கணக்கு அவருக்கு. ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் வரும் சாலையில் நின்று அவர் எப்படிப் பிழைப்பார்? உங்களுக்கு என்ன கணக்கு? யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஒரே ஆள் அந்தச் சாலையில் நீங்கள்தான். இலவசமாகக் கொடுப்பவனுக்கு இருக்கும் ஒரே வசதி அது. அதையும் தூக்கி எறிந்துவிட்டு, சம்பளக்காரர் கிளம்பும் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறீர்கள்.

என் அக்கா ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கியவர். முதல் முழு மாரத்தானை, பந்தயத்தை முடிக்கக் கொடுக்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்குள், ஆனால் அதை ஒட்டித்தான் முடித்தார். அன்றிரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆல்பமாகத் திறந்து தேட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். 'இவங்க ஸ்டார்ட்ல எனக்கு முன்னாடி நின்னாங்க.' 'இந்தப் பொண்ணுதான் வழியில நின்னு எனக்கு உப்பு மாத்திரை குடுத்துச்சு.' எல்லோரையும் அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் இருந்தார்கள். அவர் இல்லை. ஆல்பங்களின் கடைசிப் படங்கள் எல்லாம் அவர் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னால் எடுக்கப்பட்டவை. முடிவுப் பட்டியலில் அவர் பெயரும் நேரமும் இருந்தன. அக்கா அதை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் ஆல்பத்துக்கே போனார். தூங்கச் சொன்னேன். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு' என்றார்.

பிறகு வெகுநாள் கழித்து ஒரு குழுவில் தன்னார்வலர் ஒருவர் போட்ட படம் கண்ணில் பட்டது. தண்ணீர் மேசையை மடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அக்கா. மார்பில் குத்தும் எண் அட்டையான பிப் ஈரத்தில் சுருண்டு, இரண்டு இலக்கங்கள்தான் தெரிகின்றன. காகிதக் கோப்பைக்காக ஒரு கை நீண்டிருக்கிறது. வலது ஷூவின் லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. அக்கா அந்த ஷூவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 'இப்படியேதான் கடைசிவரைக்கும் வந்திருக்கேன் பாரு, எனக்குத் தெரியவே இல்ல.' குரலில் அப்படி ஒரு பெருமிதம். அவரை எடுக்க வேண்டும் என்று யாரும் நினைத்து எடுத்த படமல்ல அது. உங்கள் சிறந்த முந்நூறில் அதற்கு இடமும் கிடைத்திருக்காது.

ஒரு படம் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஓட்ட வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத 1967 பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடினார். ஜாக் செம்பிள் என்ற பந்தய அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களின் வண்டி பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்ததால் அந்தக் காட்சி படமானது. ஓடுகிறவர்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே நாளில் அதே சாலையில் பாபி கிப் என்ற பெண்ணும் ஓடினார். எண் இல்லாமல் ஓடியவர், ஸ்விட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்தார். முந்தைய ஆண்டே, தொடக்கக் கோட்டுக்கு அருகே புதர்களுக்குள் மறைந்திருந்து, கூட்டத்தில் கலந்து முழுத் தூரத்தையும் ஓடியவர் அவர். பெண்களைப் பாஸ்டன் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1972இல்தான். ஸ்விட்சரின் துணிவை நான் ஒரு இம்மிகூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 261ஐத் தெரிந்த அளவுக்குக் கிப்பைத் தெரியாமல் போனதற்கு, கேமரா எங்கே இருந்தது என்பதும் ஒரு காரணம். வேகமாக ஓடியவருக்கே இந்தக் கதி என்றால், மெதுவாக வருகிறவரை யார் நினைவில் வைப்பார்கள்?

'படம் நன்றாக அமையாது' என்கிறீர்கள். எது நன்றாக அமைவது? இரண்டு பாதமும் தரையை விட்டு எழுந்திருக்கும் கணம், இல்லையா? 1878இல் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, பாயும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் இருக்கும் கணத்தைப் பிடித்துக் காட்டினார். வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிய பெரிய காரியம் அது. இன்று ஒரே அழுத்தில் அடுத்தடுத்து எடுக்கும் நம் பர்ஸ்ட் ஷாட்டுகள் எல்லாம் அந்தக் கணத்தையே துரத்துகின்றன. நடப்பவரிடம் அது கிடைக்காது. நடையில் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஆகவே காலைப் பார்க்காதீர்கள். இடுப்பில் ஊன்றிய கையைப் பாருங்கள், மணிக்கட்டுக் கடிகாரத்தை நொடிக்கொருதரம் திருப்பிப் பார்க்கும் கண்ணைப் பாருங்கள், பக்கத்தில் வரும் முன்பின் தெரியாதவரோடு பேசிக்கொண்டே வரும் வாயைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள், ஓடியவர் என்பதால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நடந்து வருகிறவர் தூரத்தில் கேமராவைப் பார்த்ததும் ஓடத் தொடங்குவார். குனிந்த தலை நிமிரும், பிப்பைச் சரிசெய்துகொள்வார், இருபது முப்பது அடி ஓடி உங்களைக் கடப்பார். சிலர் அதற்குப் பிறகும் நிற்பதில்லை, அப்படியே ஓடிப் போய்விடுவார்கள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு மனிதரை மறுபடி ஓட வைக்க உங்களால் முடியும், எஸ். வேறென்ன வேண்டும் உங்களுக்கு?

வெயில் ஒரு சாக்கு. உச்சிவெயிலில் தொப்பியின் நிழல் மூக்குவரை விழுந்து கண்ணை மறைக்கும், உண்மைதான். சாலையில் மரமோ மேம்பாலமோ நிழல் விழும் இடம் ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் சூரியன் ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, முகம் தெளிவாகத் தெரியும்படி ஒளி அளவை (எக்ஸ்போஷர்) வையுங்கள். பின்னணி வெளுத்துப்போனால் போகட்டும். மண்டியிட்டு உட்கார்ந்தால் தொப்பிக்குக் கீழே கண் தெரியும். ஓடுபவரை உறைய வைக்க வேண்டிய ஷட்டர் வேகம் நடப்பவருக்குத் தேவையில்லை, 1/250 நொடி போதும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கிளம்பியிருக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வேகத்தில்தான் அழகு என்று நினைக்கிறவர்கள் 1992 நியூயார்க் மாரத்தானின் படத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பந்தயத்தை வளர்த்தெடுத்த ஃப்ரெட் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய். அறுபது வயது. அவரோடு ஓடியவர் அதே பந்தயத்தை 9 முறை வென்ற கிரெட்டே வைட்ஸ். இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்துப் பழகியவர், லெபோவின் நடைக்கு நடையாக, 5 மணி 32 நிமிடம் சாலையில் இருந்தார். கோட்டை இருவரும் சேர்ந்து கடந்தார்கள். உங்கள் வழக்கப்படி நின்றிருந்தால், அந்நேரம் நீங்கள் வீட்டில் கேமராவைத் துடைத்து வைத்திருப்பீர்கள்.

முந்நூறு படக் கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. சிறந்தவை என்று யார் முடிவு செய்தது? உங்கள் கண்ணுக்கு லேசாக ஃபோகஸ் தவறிய படம், அதில் இருப்பவருக்கு அந்த நாளின் ஒரே படமாக இருக்கலாம். அவரைக் கேட்காமல் நீக்குகிறீர்கள். ஒருவருக்கு ஒரு படமாவது ஆல்பத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தவர், வாந்தி எடுப்பவர், உடை விலகியவர், இந்தப் படங்களை மட்டும் நீக்கிவிடுங்கள். இடுப்போடு வெட்டாமல் பிப் முழுதாகத் தெரிய எடுங்கள். பந்தயத்துக்கு முன்னால் கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து ஏற்றுங்கள். தன் நேரம் தெரிந்தவர் நேராக அந்த ஃபோல்டருக்குப் போய்விடுவார், என் அக்காவைப் போல விடிய விடியத் துழாவ வேண்டியதில்லை. சாட்டில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், முழு அளவில் லிங்க்காகவே கொடுங்கள்.

அந்தப் புகைப்படக்காரர் பேசியதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் காசு பார்க்கும் ஃபினிஷ் லைனில் அவருக்குத் தோளோடு தோள் நின்று அதே படத்தை நீங்கள் சும்மா கொடுத்தால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். முப்பத்தைந்தாவது கிலோமீட்டருக்கும் முப்பத்தெட்டாவதற்கும் நடுவே எங்காவது போய் நில்லுங்கள். அங்கே அவர் வருவதில்லை.

விளம்பர விஷயத்துக்கு வருகிறேன். சொந்த உபயோகத்துக்குத் தாராளம், வியாபாரத்துக்குக் கூடாது என்று ஆல்பத்தின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். படைப்புகளைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் இதற்கென்றே ஒன்று 2002 முதல் தயாராக இருக்கிறது. ஆனால் படத்தின் உரிமை வேறு, முகத்தின் உரிமை வேறு. உங்கள் பெயர் இல்லாததைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாரே ஒருவர், தன் முகம் எதையோ விற்கிறது என்பது அவருக்குத் தெரியுமா? தெரிவித்தீர்களா? உங்களைவிட அதிகம் இழந்தவர் அவர். இனி யாராவது தன் படத்தை நீக்கச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் அந்த நிமிடமே நீக்குங்கள். குழந்தைகளின் படங்களைப் பொது ஆல்பத்தில் போடாதீர்கள், பெற்றோரிடம் தனியாகக் கொடுங்கள்.

விளம்பரத்தில் இருப்பவரின் பிப் எண் உங்கள் மூலப்படத்தில் இருக்கும். ஏற்பாட்டாளர்கள் வழியாக இந்த வாரமே அவருக்குத் தகவல் போய்ச் சேரச் செய்யுங்கள். விளம்பரம் போட்டவர்களுக்கு அவரும் நீங்களும் சேர்ந்து எழுதுங்கள். கடிதத்தை எழுதித் தரவேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்