அப்புறம் சொல்றேன் என்று சொல்லாதீர்கள்

ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காதும் கேட்காமல் போனது. முப்பத்தெட்டு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது காது கேட்பவர்களுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது போனில் எழுதிக் காட்டி நிறையப் பேசுவார். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்தால் மட்டும், கொஞ்ச நேரம் சிரித்த முகமாக இருந்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விடுகிறார். எங்களைப் பிடிக்கவில்லையோ என்று அம்மா வருத்தப்படுகிறார்.

பிடிக்காதவர் அந்தக் கொஞ்ச நேரம்கூட உட்கார மாட்டார். அவர் களைத்துப் போகிறார். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'அம்மா'. உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'படம்', 'மடம்' இரண்டும் அப்படியே. ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் ஒன்றுமே தெரியாது. இப்படி விட்டுப்போனதை எல்லாம் ஊகித்து நிரப்பிக்கொண்டேதான் நாங்கள் உதட்டைப் படிக்கிறோம். ஒருவர் பேசினால் சமாளிக்கலாம். ஆறு பேர் பேசினால், பேசுவது யார் என்று கண்டுபிடித்துத் தலையைத் திருப்புவதற்குள் அவர் முடித்திருப்பார். பதில் வேறொரு மூலையிலிருந்து வந்திருக்கும்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். ஒரு சாயங்காலம் சித்தப்பா ஏதோ சொன்னார். பாட்டி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி தரையில் உருண்டான். நான் சித்தியின் முழங்கையைப் பிடித்து என்னவென்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையை விரித்து, "ஒண்ணுமில்லே, அப்புறம் சொல்றேன்" என்றார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். சித்தி என்மேல் உயிரையே வைத்திருந்தவர், மறந்துபோனார், அவ்வளவுதான். பாட்டி இறந்து பல வருடம் ஆகிறது. அன்றைக்கு எதற்கு அப்படிச் சிரித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் உங்கள் வீட்டில் 'அப்புறம்' வேண்டாம். பாதியாவது, அந்த நிமிடமே சொல்லுங்கள். அற்ப விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள். அற்ப விஷயம்தான் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. வட்டமாக உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார வேண்டாம், முகம் இருட்டாகிவிடும். பேசப்போகிறவர் முதலில் கையைத் தூக்கட்டும். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவினால் யாராவது ஒருவர் போனில் 'வாடகை', 'தம்பி வேலை' என்று ஒரு வார்த்தை தட்டிக் காட்டினால் போதும், மீதியை அவர் பிடித்துக்கொள்வார். அண்ணியிடமே தினம் இரண்டு சைகை கற்றுக்கொள்ளுங்கள், அம்மாவும்தான். அப்படியும் நடுவில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்.

என் மகனுக்கு இரண்டரை வயது. காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்திருக்கிறோம். சைகை காட்டினால் பேச்சு வராது என்று சிலர் சொல்வதால், அவன் கையைக் காட்டிக் கேட்கும்போதுகூட நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மனசு வலிக்கிறது.

அம்மா, இனிமேல் திருப்பாதீர்கள். இது மிகப் பழைய பயம். 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறைதான் சிறந்தது என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகையை விரட்டினார்கள். காது கேட்காத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். 1960ல் வில்லியம் ஸ்டோக்கி என்பவர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, மற்ற மொழிகளைப் போலவே அதற்கும் முறையான கட்டமைப்பு உண்டு என்று காட்டினார். அந்த மாநாட்டு வரிசையில் வந்தவர்கள் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010ல், கனடாவின் வான்கூவரில். நடுவில் 130 வருடங்கள், எத்தனை தலைமுறைக் குழந்தைகள்!

கருவி இருக்கட்டும். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போங்கள். ஆனால் தூங்கும்போது வெளிக்கருவியைக் கழற்றி வைப்பீர்கள். திடீரென்று பேட்டரி தீரும். நடுராத்திரி அவன் பயந்து எழுந்தால், எதைப் பார்த்துப் பயந்தான் என்று சொல்ல அவனிடம் ஒரு மொழி வேண்டாமா? எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் முதல் சில வருடங்கள் ஓடிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. அப்போது விட்டதைப் பின்னால் பிடிப்பது மிகவும் கஷ்டம்.

இன்னொன்று. காது கேட்காத பெரியவர்களை அவன் கண்ணில் படச் செய்யுங்கள். பன்னிரண்டு வயது வரை அப்படி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் வளர்ந்தால் கேட்க ஆரம்பித்துவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலகம் முழுக்கச் சைகை மொழி ஒன்றுதானா?

இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் இரண்டின் சைகை மொழிகளும் வேறு. எழுத்துகளைக் காட்ட பிரிட்டனில் இரண்டு கை, அமெரிக்காவில் ஒரு கை. அமெரிக்கச் சைகை பிரெஞ்சுச் சைகைக்குத்தான் சொந்தம். பாரிஸ் பள்ளியில் படித்த, காது கேட்காத லோரான் கிளேர் 1817ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பள்ளிக்கு ஆசிரியராகப் போனதில் வந்த உறவு அது.

நான் செவிலியர். நோயாளி சைகை மொழிபெயர்ப்பாளரோடு வந்தால் யாரைப் பார்த்துப் பேச வேண்டும்?

நோயாளியை. "அவருக்கு எங்கே வலிக்குதுன்னு கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாமல், "உங்களுக்கு எங்கே வலிக்குது?" என்று அவரையே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில், ஓரடி பின்னால் நின்றால் நோயாளியால் உங்கள் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். மாஸ்க் போட்டிருந்தால் எங்களுக்கு உங்கள் முகமே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

கூட வந்த சொந்தக்காரரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில் வயிற்றுவலி வந்து அம்மாவோடு போயிருந்தேன். மருத்துவர் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினார். தாளில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம் போட்டார். அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கேட்டதற்கு, "ஒண்ணுமில்லே, மாத்திரை தந்திருக்கார்" என்றார். அது கட்டி என்று நான்கு நாள் கழித்து, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா என்னைப் பயத்திலிருந்து காப்பாற்ற நினைத்தார். ஆனால் அது என் வயிறு.

உங்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும்?

'காது கேளாதவர்' போதும். 'ஊமை' வேண்டவே வேண்டாம். எங்களில் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் ஒரு குறையும் இல்லை, மொழியும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதடு எப்படிக் குவியும் என்று ஒவ்வொரு காது கேளாத குழந்தைக்கும் தெரியும்.

காது கேட்கிறவர்கள் எல்லோரும் சைகை கற்றுக்கொள்வது நடக்கிற காரியமா?

ஓரிடத்தில் நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு. பரம்பரையாக அங்கே காது கேளாமை அதிகம். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சில்மார்க் என்ற ஊரில் 25 பேரில் ஒருவருக்குக் கேட்காது. அதனால் ஊரே சைகை பேசியது. கேட்பவர்கள்கூடத் தங்களுக்குள் சைகை பேசிக்கொண்டார்கள். படகுக்குப் படகு குரல் எட்டாது, கை எட்டும். பின்னாளில் ஓர் ஆய்வாளர் போய் விசாரித்தபோது, முதியவர்கள் அந்தக் காது கேளாதவர்களை நல்ல மீனவர், நல்ல விவசாயி என்றுதான் நினைவுகூர்ந்தார்கள். காது கேட்காது என்பது கேட்டால்தான் நினைவுக்கு வந்தது. இலக்கணம் முழுவதும் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால், அவரோடு சண்டை போடுகிற அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி, எங்கள் வகுப்பில் புதிதாக வந்த பெண்ணுக்குக் காது கேட்காது. எனக்கு அவளோடு சேர ஆசை. எப்படிக் கூப்பிடுவது? (ஏழாம் வகுப்பு மாணவி)

தோளில் லேசாகத் தட்டு கண்ணா. எட்ட இருந்தால் அவள் பார்வை படும் இடத்தில் கையை ஆட்டு. மரப்பலகைத் தரையாக இருந்தால் காலால் ஒரு தட்டு, அதிர்வு அவளுக்குப் போய்ச் சேரும். பின்னாலிருந்து சட்டென்று இழுக்காதே, தூக்கிவாரிப் போடும். அவள் இன்னொருத்தியோடு கையால் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போக வேண்டி வந்தால், நிற்காமல் விறுவிறு என்று கடந்து போய்விடு.

கொஞ்சம் பழகியதும் அவள் உனக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பாள். அதை நீயாக வைத்துக்கொள்ள முடியாது, எங்களில் ஒருவர்தான் தர வேண்டும். என் பெயர், மோவாயில் ஆள்காட்டி விரலால் ஒரு சின்னக் கோடு. சின்ன வயதில் விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. உனக்கு என்ன வைத்தாள் என்று எழுது. எப்படிக் காட்ட வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பு.